சாலிசிலிக் ஆசிட்: எண் ஒன்று, புட்டிகள் பல

பருவுக்கென்று ஒதுக்கிய அலமாரியில் முதலில் கண்ணில் படுகிற பெயர் இதுதான். ஃபேஸ்வாஷ், டோனர், சீரம், பருமேல் ஒட்டும் ஸ்டிக்கர், முதுகில் அடிக்கும் ஸ்பிரே என்று உருவம் மாறினாலும் முகப்பில் "2% சாலிசிலிக் ஆசிட்" என்கிற வாசகம் மாறுவதில்லை. எண் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று கைக்கு வந்ததை வாங்கிவிடுகிறோம். ஃபேஸ்வாஷ் வாங்கியவர் மூன்று மாதமாகியும் பிளாக்ஹெட் அப்படியே இருக்கிறது என்கிறார். டோனர் வாங்கியவர் பத்தே நாளில் மூக்கோரம் உரிந்து எரிகிறது என்கிறார். இருவர் சொல்வதும் உண்மைதான். இரண்டு புட்டியிலும் இருந்தது அதே 2% என்பதும் உண்மைதான்.

ஆகவே இங்கே பிராண்டுகளை மோதவிடவில்லை. இந்த அமிலம் என்னென்ன உருவத்தில் விற்கப்படுகிறதோ அவற்றை வரிசையாக வைத்து, எது வாங்கத் தகும், எதை அலமாரியிலேயே விட்டுவிடலாம், எதை முகத்துக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது என்று பார்க்கிறோம். முடிவை இப்போதே சொல்லிவிடலாம்: ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு, கழுவாமல் தோலிலேயே விடும் ஜெல் அல்லது சீரம், அதுவும் ஆல்கஹால் முன்வரிசையில் இல்லாதது. பிளாக்ஹெட், ஒயிட்ஹெட், லேசான சிவப்புப் பரு ஆகியவற்றுக்கு அது தகுந்த பொருள். வலிக்கும் கட்டிப் பருவுக்கு அது வீண் செலவு.

ரோமக்காலுக்குள் நடப்பது

பரு தோலின் மேல் பிறப்பதில்லை. ரோமக்காலின் குழாய்க்குள் பிறக்கிறது. குழாயின் உட்சுவரிலிருந்து உதிரும் இறந்த செல்கள் வெளியேற வழியில்லாமல் எண்ணெய்ச் சுரப்பி கக்கும் பசையோடு குழைந்து அடைத்துக்கொள்கின்றன. அடைப்பின் வாய் திறந்திருந்தால் காற்றுப் பட்டுக் கறுத்து பிளாக்ஹெட் ஆகிறது. மூடியிருந்தால் அது ஒயிட்ஹெட், தோல் நிறத்திலேயே சின்ன மேடாக, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மட்டும் தெரியும். அந்த அடைப்புக்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்னும் பாக்டீரியா பெருகி, உடல் அதோடு மல்லுக்கு நிற்கும்போது சிவந்து சீழ் கோக்கிறது.

சாலிசிலிக் அமிலத்தின் தனிச்சிறப்பு அது எண்ணெயில் கரையும் என்பது. கிளைகாலிக் அமிலம் நீரில் கரைவது. தோலின் மேற்பரப்பில் நன்றாக வேலை செய்யும், எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் நுழையத் தடுமாறும். சாலிசிலிக் அந்தப் பசைக்குள்ளேயே இறங்கி, இறந்த செல்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. "கெரட்டினைக் கரைக்கும்" என்று பல அட்டைகளில் அச்சடித்திருப்பார்கள். கரைவது கெரட்டின் இல்லை, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள ஒட்டு. செங்கல்லை விட்டுவிட்டு இடையிலிருக்கும் சாந்தை மட்டும் சுரண்டுவது போல. ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு என்பதால் சிவப்பையும் வீக்கத்தையும் கொஞ்சம் தணிக்கும்.

செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். எண்ணெய் சுரப்பதை இது நிறுத்தாது. ஹார்மோனைத் தொடாது. பாக்டீரியாவைக் கொல்வதில் பென்சாயில் பெராக்சைடுக்குப் பக்கத்தில்கூட வராது. குழிவிழுந்த தழும்பை நிரப்பாது. அமெரிக்கத் தோல் மருத்துவர் அமைப்பு 2024இல் வெளியிட்ட முகப்பரு வழிகாட்டியில் பென்சாயில் பெராக்சைடுக்கும் அடப்பலீன் போன்ற ரெட்டினாய்டுகளுக்கும் (வைட்டமின் ஏ குடும்பத்து மருந்துகள்) வலுவான பரிந்துரை கொடுத்துவிட்டு, சாலிசிலிக் அமிலத்துக்கு நிபந்தனையோடு கூடிய பரிந்துரைதான் தந்தது. முதல் பெஞ்சு மாணவர் இல்லை. ஆனால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கலாம், பொறுத்துக்கொள்வதும் பலருக்கு எளிது. அதுதான் இதன் இடம்.

2% என்று எழுதியிருப்பதன் மறுபக்கம்

சீட்டு இல்லாமல் விற்கும் பரு மருந்துகளில் 0.5 முதல் 2% வரை என்பது அமெரிக்க விதி. முகத்துக்கான அழகுசாதனங்களில் 2% தான் உச்சம் என்பது ஐரோப்பிய விதி. ஆகவே எல்லாத் தயாரிப்பாளரும் அந்த உச்சியைப் பிடித்து அட்டையில் எழுதுகிறார்கள். எழுதாமல் விடுவது இரண்டு விஷயம்.

முதலாவது பி.எச்., அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். இந்த அமிலம் தோலுக்குள் புகுவது பெரும்பாலும் அயனியாகப் பிரியாத நிலையில் இருக்கும்போதுதான். பி.எச். ஏறக்குறைய 3ஆக இருந்தால் புட்டியில் உள்ளதில் பாதி அந்த நிலையில் இருக்கும். 3.5இல் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. 4இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 5இல் நூற்றில் ஒன்று. ஆக, பி.எச். 5.5 என்று "மென்மை"யைப் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் 2% தயாரிப்பு, 3.5இல் நிற்கும் 1% தயாரிப்பிடம் தோற்கலாம். பி.எச். காகிதம் கைவசம் இருந்தால் ஒரு துளி விட்டுப் பார்த்துவிடலாம். 3க்கும் 4க்கும் இடையில் நிறம் நின்றால் அது வேலைக்கு ஆகும். அதற்காக 3க்குக் கீழே போனது இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். எரிச்சல்தான் ஏறும்.

இரண்டாவது கரைப்பான். சாலிசிலிக் அமிலம் வெறும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு சுமார் 2 கிராம்தான் கரையும், அதாவது 0.2%. 2% வரை கொண்டுபோக ஆல்கஹாலோ புரொப்பிலீன் கிளைக்கால், பியூட்டிலீன் கிளைக்கால் மாதிரி ஏதாவதோ வேண்டும். மலிவான வழி ஆல்கஹால். பூசிய உடனே ஜில்லென்று காய்ந்து, எண்ணெய்ப் பசை போய்விட்ட மாதிரி தோன்றும். ஒரு மாதத்தில் தோலின் காப்புப் படலத்தையும் கூடவே கொண்டுபோய்விடும். பொருட்பட்டியலில் தண்ணீருக்கு அடுத்தோ அதற்கும் முன்போ "ஆல்கஹால் டினாட்" இருந்தால் அந்தப் புட்டியைக் கீழே வைத்துவிடுவது நல்லது. சீட்டைல் ஆல்கஹால், சீட்டியரைல் ஆல்கஹால் என்பவை வேறு. பெயரில்தான் ஆல்கஹால், உண்மையில் தோலை மிருதுவாக்கும் மெழுகுகள்.

சீரம் புட்டியின் மூக்கிலோ டிராப்பர் விளிம்பிலோ வெள்ளையாக ஊசி ஊசியாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரைப்பான் ஆவியாகிப் போக, அமிலம் படிகமாக மிஞ்சுகிறது. கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை, ஆனால் அந்தத் துகள் 2% இல்லை, கிட்டத்தட்ட சுத்தமான அமிலம். அது சீரத்தோடு சேர்ந்து கன்னத்தில் விழுந்தால் விழுந்த இடத்தில் மட்டும் புள்ளியாகப் புண்ணாகும். ஈரத் துணியால் விளிம்பைத் துடைத்துவிட்டு எடுங்கள். புட்டியின் உள்ளேயே அடியில் படிகம் தங்கியிருந்தால் கலவை பிரிந்துவிட்டது என்று அர்த்தம். குலுக்கிப் பயன்படுத்த வேண்டாம். திரவம் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறியிருந்தாலும் தள்ளிவிடுங்கள். இரும்பின் தடம் பட்டால் இந்த அமிலம் அந்த நிறம் காட்டும்.

பட்டியலில் வேறு பெயர்களும் வரும். "வில்லோ பட்டைச் சாறு" என்பதில் இருப்பது சாலிசின், சாலிசிலிக் இல்லை. பருவுக்கு அதை நம்ப வேண்டாம். பீட்டெய்ன் சாலிசிலேட் என்றால் அதன் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் சாலிசிலிக் பகுதி, ஆகவே 4% என்று போட்டிருந்தால் 2% அளவு என்று கொள்ளலாம். இருந்தாலும் எரிச்சல் குறைவு, அடைப்பு எடுப்பதிலும் மெதுவு. சோடியம் சாலிசிலேட் பெரும்பாலும் பொருள் கெடாமலிருக்கச் சேர்ப்பது.

வடிவம் வடிவமாக

ஃபேஸ்வாஷ். அதிகம் விற்பதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான் என்று சொல்லத் தோன்றும். அது முழு நியாயம் இல்லை. தேய்த்து இருபது நொடியில் கழுவிவிட்டால் அமிலத்துக்கு நேரமே கிடைப்பதில்லை. ஈர முகத்தில் தடவி 60 முதல் 90 நொடி விட்டுக் கழுவினால் லேசான பலன் உண்டு. எண்ணெய் முகம் உள்ளவர், ஜெல் தாங்காதவர், ஏற்கெனவே இரவில் அடப்பலீன் போடுகிறவர் ஆகியோருக்கு இதுவே சரியான அளவு. மற்றவர்கள் இதில் பெரிய விலை கொடுப்பதில் அர்த்தம் இல்லை. கழுவியதும் தோல் "கீச்" என்று இழுத்தால் அது சுத்தம் இல்லை, கழுவும் ரசாயனம் கடுமையாக இருக்கிறது என்பதன் சத்தம்.

டோனரும் பஞ்சில் ஊறவைத்த பேடும். ஆல்கஹால் தகராறு அதிகம் நடக்கும் இடம். தவிர, பஞ்சால் தேய்ப்பது என்பது அமிலத்தோடு உரசலையும் சேர்ப்பது. பேடில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பது கடைசி பேடுக்கும் முதல் பேடுக்கும் மாறும். டப்பாவின் அடியில் கிடப்பது சொட்டச் சொட்ட இருக்கும். முதுகு மாதிரி எளிதில் கை எட்டாத இடங்களுக்கு வசதி. முகத்துக்குப் பரிந்துரைக்கவில்லை.

ஜெல், சீரம், லோஷன். இதற்குத்தான் நம் ஓட்டு. நேரம் கிடைக்கிறது, அளவைக் கட்டுப்படுத்தலாம், வேண்டிய இடத்தில் மட்டும் போடலாம். எண்ணெய்த் தோலுக்கு ஜெல், காய்ந்த தோலுக்கு லோஷன். முதல்முறை வாங்குகிறவர் 0.5% அல்லது 1% எடுப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஸ்டிக்கர். பருமேல் ஒட்டும் ஹைட்ரோகொல்லாய்டு வில்லையின் பெரும்பாலான நன்மை அந்தப் பசையினாலேயே வருகிறது: கசிவை உறிஞ்சும், கை போய்க் கிள்ளுவதைத் தடுக்கும். அதில் சாலிசிலிக் சேர்த்தால், மூடி ஒட்டியிருப்பதால் ஊடுருவல் கூடும். தலை உடைந்த பருவின் மேல் எரியும். சாதா ஸ்டிக்கரே போதும்.

பீல், அதாவது மேல்தோலை உரியவைக்கும் சிகிச்சை. அமிலத்தை 20 முதல் 30% வரை ஆல்கஹாலில் கரைத்து, மருத்துவர் கையால் சில நிமிடம் விட்டு எடுப்பது. போட்டதும் முகம் வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஆகும். அது தோல் வெந்த வெள்ளை இல்லை, ஆல்கஹால் ஆவியாகி மிஞ்சிய படிகம், துடைத்தால் போய்விடும். கறுத்த நிறத்தோருக்கும் ஓரளவு பத்திரமான பீல் என்று பெயர் வாங்கியது, 2 முதல் 4 வார இடைவெளியில் சில முறை செய்வார்கள். இதே புட்டியை இணையத்தில் வாங்கி வீட்டுக் கண்ணாடி முன் செய்கிறவர்களிடம் சொல்ல ஒன்றுதான் உண்டு: படிக வெள்ளைக்கும் வெந்த வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதவர் கையில் 30% இருக்கக் கூடாது.

மருந்துக் கடையில் தவறாகக் கைக்கு வருபவை

"சாலிசிலிக் களிம்பு இருக்கா?" என்று கேட்டு வாங்குவதில்தான் உண்மையான ஆபத்து. கால் ஆணிக்கான பிளாஸ்டர் 40%. மருவுக்கான திரவம் 17% சுற்றி. இவை தடித்த தோலை எரித்து எடுப்பதற்கென்றே செய்தவை. முகத்தில் பட்டால் புண், பிறகு கறை. 6% பென்சாயிக்கோடு 3% சாலிசிலிக் சேர்ந்த விட்ஃபீல்டு களிம்பு படர்தாமரைக்கு உரியது, பருவுக்கு இல்லை. அதன் மெழுகுத் தளமே ரோமக்காலை அடைக்கக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட மோசம், சாலிசிலிக்கோடு பீட்டாமெத்தசோனோ குளோபெட்டசாலோ சேர்ந்த களிம்பு. சொரியாசிஸ், தடித்த கரப்பான் போன்றவற்றுக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது அது. பெட்டியில் சாலிசிலிக் என்ற சொல்லைப் பார்த்து முகத்துக்குத் தடவினால் மூன்று நாளில் பரு அமுங்கி, நிறம் பளிச்சென்று ஆகும். ஸ்டீராய்டு வேலை செய்கிறது. சில வாரத்தில் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, ஒரே அளவு ஒரே உருவம் கொண்ட பருக்கள் கூட்டமாக வெடிக்கும். நிறுத்தினால் முகம் தீயாகச் சிவக்கும். பெட்டியில் சிறிய எழுத்தில் "-சோன்", "-சால்", "-சோலோன்" என்று முடியும் பெயர் ஏதாவது கூட இருக்கிறதா என்று பாருங்கள். புரியாவிட்டால் மருந்தாளரிடம் "இதில் ஸ்டீராய்டு உண்டா?" என்று நேராகக் கேளுங்கள்.

ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துக் குழைத்துப் பூசும் வித்தையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பிரின் என்பது அசிட்டைல்சாலிசிலிக் அமிலம். குழைத்த உடனே அது சாலிசிலிக் ஆகிவிடாது. மாத்திரைத் துகள் முகத்தைக் கீறுவதுதான் மிச்சம்.

போடும் முறை

முதல் 3 நாள் முழு முகத்திலும் போட வேண்டாம். பரு உள்ள ஒன்றிரண்டு சிறு இடத்தில் மட்டும் தினம் ஒரு முறை. காரணம் உண்டு: சாலிசிலிக் அல்லது பென்சாயில் பெராக்சைடு உள்ள கடைப் பொருள்களால் அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை வருகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014இல் எச்சரித்து, இதே 3 நாள் சோதனையைச் சொன்னது. தொண்டை இறுக்கம், மூச்சுத் திணறல், கண், உதடு, நாக்கு வீங்குதல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் கழுவிவிட்டு உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். சில நிமிடத்திலும் வரலாம், ஒரு நாள் கழித்தும் வரலாம். உடம்பெங்கும் தடிப்போ அரிப்போ வந்தால் அந்தப் பொருளை மறுபடி தொட வேண்டாம்.

சோதனை தாண்டினால், முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு 2 அல்லது 3 இரவு. மிதமான ஃபேஸ்வாஷால் கழுவி, ஒற்றி எடுத்து, முகம் முழுக்கக் காயும்வரை ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். ஈரத் தோலில் எரிச்சல் கூடும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, ஏறக்குறைய கால் கிராம். நெற்றி, இரு கன்னம், மூக்கு, முகவாய் என்று ஐந்து புள்ளியாக வைத்துப் பரப்புவது கைப்பழக்கம் ஆகட்டும். பருமேல் மட்டும் பொட்டு வைப்பது வீண். நாளைய பரு இன்று கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக அக்கம்பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. பத்து நிமிடம் கழித்து வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். தாங்குகிறது என்று தெரிந்தால் மூன்றாம் வாரத்திலிருந்து ஒன்று விட்டு ஒரு இரவு, ஐந்தாம் வாரத்திலிருந்து வேண்டுமானால் தினமும். தினம் இரண்டு வேளை என்பது எண்ணெய் வழியும் தோலுக்கும் அபூர்வமாகவே தேவை.

மூக்கின் இரு பக்க மடிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். கன்னத்தில் பரப்பும்போது விரல் தள்ளிக்கொண்டு வரும் சீரம் அந்தப் பள்ளத்தில் தேங்கி நிற்கிறது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று பங்கு. மூன்றாம் நாள் அங்கே வெள்ளைப் பொடியாக உரியும், சிரித்தால் சுரீர் என்னும். அமிலம் போடும் முன் அந்த மடிப்பிலும் வாயோரத்திலும் கண்ணின் கீழ் எலும்பு விளிம்பிலும் மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

பகலில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். கிளைகாலிக் மாதிரி வெயிலுக்கு எளிதில் கருக வைக்கும் குணம் சாலிசிலிக்கில் அவ்வளவாக இல்லை. ஆனாலும் எரிச்சலடைந்த தோலும் ஆறிவரும் பருவும் வெயில் பட்டால் கறையாக நிலைக்கும், கறுத்த நிறத்தில் மாதக்கணக்கில். பருவைவிடக் கறைதான் அதிக நாள் இருந்து மனதை வாட்டும்.

பலன் தெரிய 6 முதல் 8 வாரம். 12 வாரம் ஒழுங்காகப் போட்டும் மாற்றம் இல்லையென்றால் புட்டியை மாற்றாதீர்கள், மருந்தை மாற்றுங்கள்.

எங்கே கோணலாகிறது

அளவு மிஞ்சுவதுதான் முதல் கோளாறு, அதுவும் ஒரே பொருளால் மிஞ்சுவதில்லை. காலையில் சாலிசிலிக் ஃபேஸ்வாஷ், பிறகு சாலிசிலிக் டோனர், இரவில் சாலிசிலிக் சீரம், வார இறுதியில் ஸ்கிரப். ஒவ்வொன்றும் 2%தான், ஆனால் தோல் தனித்தனியாகக் கணக்கு வைப்பதில்லை. காப்புப் படலம் உடைந்த தோலை அடையாளம் கண்டுகொள்ளலாம்: பிளாஸ்டிக் தாள் ஒட்டிய மாதிரி இறுக்கமான மினுமினுப்பு, எண்ணெய் வழியும் ஆனால் இழுக்கும், சாதா மாய்ஸ்சரைசரே எரியும். இந்த மினுமினுப்பைப் "பளபளப்பு" என்று மகிழ்ந்து இன்னும் போடுகிறவர்கள் உண்டு. செய்ய வேண்டியது, இரண்டிலிருந்து நான்கு வாரம் எல்லா அமிலத்தையும் நிறுத்தி மிதமான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் மட்டும். பிறகு 0.5 அல்லது 1% கொண்டு வாரம் ஒரு இரவு.

"உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வருகிறது, பொறுத்துக்கொள்" என்ற வாதம் அடுத்தது. எப்போதும் பரு வரும் இடத்திலேயே, சின்னதாக, வந்து சீக்கிரம் ஆறுகிற பரு முதல் சில வாரத்தில் கூடினால் பொறுக்கலாம். இதுவரை பருவே வராத இடத்தில் வருவது, அரிப்போடு பொரிப்பொரியாக வருவது, எரிந்து சிவந்த பட்டையாக வருவது எல்லாம் எரிச்சலோ ஒவ்வாமையோ. பொறுத்தால் வளரும். பூசியதும் ஒரு நிமிடம் சுருக்கென்று இருப்பது சகஜம். ஐந்து நிமிடம் தாண்டியும் எரிந்தால் கழுவிவிடுங்கள்.

நெற்றியிலும் நெஞ்சிலும் ஒரே அளவில் நெருக்கமாக, நமநமவென்று அரிக்கும் பொரிகள் பரு இல்லாமலும் இருக்கலாம். மலாசீசியா என்னும் பூஞ்சை ரோமக்காலில் உண்டாக்கும் அழற்சி அது; பூஞ்சை மருந்து கேட்கும். சாலிசிலிக் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது நேரக்கேடு.

மூக்கின் நுனியில் தெரியும் சாம்பல் புள்ளிகள் பற்றி ஏமாற்றம் வேண்டாம். பெரும்பாலும் அவை பிளாக்ஹெட் இல்லை. துளைக்குள் இயல்பாக நிற்கும் எண்ணெய்த் திரி. அமிலம் அதை மெலியவைக்கும், நிறுத்தினால் சில வாரத்தில் மறுபடி நிரம்பும். துளை சுருங்காது, சுருங்கும் என்று எந்த அட்டையில் போட்டிருந்தாலும்.

வேறு மருந்தோடு சேர்ப்பதில் ஒரு விதி போதும்: புதிதாக இரண்டை ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். அடப்பலீன் 0.1% தொடங்குகிறவர் முதல் 4 முதல் 6 வாரம் சாலிசிலிக் ஜெல்லை ஒதுக்கிவைக்கலாம். பிறகு ஒருநாள் அது, ஒருநாள் இது. பென்சாயில் பெராக்சைடு போடுகிறவர் அதைக் காலையிலும் இதை இரவிலும் வைத்துக்கொள்ளலாம், உரிந்தால் ஒன்றைக் குறைக்க வேண்டும். நியாசினமைடு (வைட்டமின் பி3யின் ஒரு வடிவம்) நல்ல துணை. கடும் பருவுக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர் தோல் மருத்துவர் சொல்லாமல் எந்த அமிலமும் தொட வேண்டாம். சவரம் செய்த இரவிலும், மெழுகால் முடி எடுப்பதற்கு முன்னும் பின்னும் சில நாள்களிலும் போடக் கூடாது; மேல்தோல் முடியோடு வந்துவிடும்.

யார் விலகி நிற்க வேண்டும்

ஆஸ்பிரின் சாப்பிட்டால் தடிப்பு, மூச்சிரைப்பு வரும் என்று தெரிந்தவர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு, முகத்தில் போடும் சிறு அளவு கடைத் தயாரிப்பைப் பயன்படுத்தலாம் என்றே அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு சொல்கிறது. பீலும், நெஞ்சு முதுகு முழுக்கப் பூசுவதும் வேறு கதை, தவிர்ப்பது நல்லது. பாலூட்டும் தாய்மார் குழந்தையின் வாய் படும் இடத்தில் போடக் கூடாது.

உடம்பு முழுக்கப் பூசுவதில் என்ன பயம் என்று கேட்கலாம். கணக்குப் போடுங்கள். முகத்துக்குக் கால் கிராம் 2% என்றால் 5 மில்லிகிராம் அமிலம். முதுகிலும் நெஞ்சிலும் சேர்த்து 5 கிராம் லோஷன் பூசினால் 100 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவருக்கு அதுவும் தாங்கும். ஆனால் உடைந்த தோலில், மேலே இறுக்கமாக மூடி, அல்லது சிறு குழந்தைக்கு, அல்லது சிறுநீரகம் பழுதானவருக்கு என்றால் ரத்தத்தில் சேரும். காதில் இரைச்சல், குமட்டல், வேகமாக மூச்சு வாங்குதல், தலைசுற்றல் அதன் அடையாளம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் பெரிய பரப்பில் பூசும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஐரோப்பிய விதியே ஷாம்பு தவிர மற்றதில் இதற்குத் தடை போட்டிருக்கிறது.

விரலால் அழுத்தினால் ஆழத்தில் உருண்டையாக அகப்பட்டு வலிக்கும் கட்டிகள், ஆறினால் குழியாகும் பரு, மாதவிலக்குத் தவறுவதோடும் முகத்தில் முடி வளர்வதோடும் சேர்ந்து தாடையில் வரும் பரு ஆகிய மூன்றுக்கும் சீரம் வாங்கும் காசை மருத்துவர் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டியின் வேர் இருக்கும் ஆழத்துக்கு இந்த அமிலம் எட்டாது, தாமதிக்கிற ஒவ்வொரு மாதமும் தழும்பாக மிஞ்சும்.

அடைப்புப் பருக்காரர்களுக்கு 12 வாரத்தில் முகம் தெளிந்தால் அப்படியே நிறுத்திவிட வேண்டாம்; சில வாரத்தில் புது அடைப்பு தொடங்கிவிடும். தினசரியிலிருந்து வாரம் 2 இரவாகக் குறைத்து, அதே பட்டாணி அளவில் தொடரலாம். அந்தக் கணக்கில் 30 மில்லி புட்டி ஓர் ஆண்டையும் தாண்டி வரும். திறந்தபின் எத்தனை மாதம் என்று அட்டையில் திறந்த டப்பா படத்துக்குள் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, அதற்கு மேல் வைத்திருக்க வேண்டாம். சிறிய புட்டி கிடைத்தால் அதையே எடுங்கள்.